பழைய லாரியின் கிராங்க் புல்லி: கழற்றுவதும் மாட்டுவதும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஏற்காடு அடிவாரத்தில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் ஒரு ஃபார்கோ லாரி நிற்கிறது. மலையிலிருந்து காபி மூட்டையும் பலாவும் ஏற்றிக்கொண்டு செவ்வாய்ப்பேட்டை மண்டிக்கு அப்பா ஓட்டிய வண்டி. எஞ்சின் சென்னை சிம்ப்சன் கம்பெனி செய்த பெர்க்கின்ஸ் பி6 டீசல். 6 சிலிண்டர், 4.73 லிட்டர். இப்போது வருடத்துக்கு நாலைந்து தடவை வெளியே எடுத்தால் அதிகம். அதன் கிராங்க் புல்லியை இதுவரை மூன்று முறை கழற்றி மாட்டியிருக்கிறேன். முதல் இரண்டு முறையும் தப்பாகச் செய்தேன். இந்தக் கதை தெரிந்ததிலிருந்து பழைய பெட்ஃபோர்டு, டாட்டா பென்ஸ், ஜீப், டிராக்டர் வைத்திருக்கிறவர்கள் போன் செய்துகொண்டே இருக்கிறார்கள். கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன்.

கிராங்க் புல்லி என்ன வேலை செய்கிறது?

எஞ்சினுக்கு முன்னால், ரேடியேட்டருக்குப் பின்னால், அடியில் இருக்கும் சக்கரம். எஞ்சினின் முக்கியச் சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்டின் முன் முனையில், அதாவது மூக்கில், உட்கார்ந்திருக்கும். ஃபேன், தண்ணீர் பம்பு, டைனமோ எல்லாவற்றுக்கும் இதிலிருந்துதான் பெல்ட் போகிறது. அதன் கழுத்துப் பகுதி டைமிங் கவருக்குள் நுழைகிற இடத்தில் ஆயில் கசியாமல் தடுக்கும் வளையம், ஆயில் சீல், உரசிக்கொண்டு நிற்கும். பிஸ்டன் எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும் டைமிங் குறியும் பல எஞ்சின்களில் இதன் விளிம்பில்தான் வெட்டியிருக்கும்.

எதற்காகக் கழற்ற வேண்டி வரும்?

முன் சீலில் ஆயில் கசிந்தால், டைமிங் செயினைப் பார்க்க வேண்டுமென்றால், புல்லி காடி (பெல்ட் உட்காரும் பள்ளம்) தேய்ந்து பெல்ட் வழுக்கினால், புல்லி ஆடினால். கடைசியாகச் சொன்னதுதான் ஆளை ஏமாற்றும்.

எஞ்சினில் டக் டக் என்று அடிக்கிறது. கனெக்டிங் ராடு பேரிங் போச்சு என்கிறார்கள். சம்ப்பை (எஞ்சினின் அடி ஆயில் தொட்டியை) இறக்கலாமா?

கொஞ்சம் பொறுங்கள். இதே இடத்தில் நான் மாட்டிக்கொண்டேன்.

அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். பாதி மலை ஏறியபின் ஒரு வளைவில் ஓரம் கட்டி ஐட்லிங்கில் விட்டபோது கீழே யாரோ சுத்தியலால் தட்டுவது போல ஒரு சத்தம். ஆக்சிலரேட்டர் கொடுத்தால் குறைகிறது, விட்டால் திரும்ப வருகிறது. மெதுவாக இறக்கி ஒரு பட்டறையில் காட்டினேன். காது வைத்துக் கேட்டதும் ‘பேரிங் அடிக்குதுங்க, எஞ்சினை இறக்கணும்’ என்றார்கள். அட்வான்ஸும் கொடுத்துவிட்டேன்.

அன்று மாலை அப்பாவின் பழைய கூட்டாளி ஒருவர், எண்பது தாண்டியவர், பார்க்க வந்தார். ‘ஏன் கண்ணு, பெல்ட்டைக் கழட்டிப்போட்டு ஸ்டார்ட் பண்ணிப் பாத்தியா?’ என்று கேட்டார். பார்க்கவில்லை. பெல்ட்டைக் கழற்றி அரை நிமிடம் ஓட விட்டோம். சத்தம் வேறு மாதிரி ஆனது. எஞ்சினை நிறுத்திவிட்டு அவர் புல்லியை இரண்டு கையாலும் பிடித்து இப்படியும் அப்படியும் திருகினார். கிராங்க் அசையாமல் நிற்க, புல்லி மட்டும் ஒரு நெல்லளவு ஆடியது.

நடந்தது இதுதான். புல்லிக்கும் கிராங்குக்கும் நடுவே அரைவட்ட வடிவத்தில் ஒரு சிறிய இரும்புத் துண்டு, உட்ரஃப் கீ, இருக்கும். புல்லி இறுக்கம் இழந்தால் ஒவ்வொரு வெடிப்புக்கும் அது கீயின் பக்கச் சுவரில் போய் மோதும். ஐட்லிங்கில் கிராங்கின் வேகம் சீராக இருக்காது, விட்டுவிட்டுச் சுற்றும். அதனால் மோதல் அப்போதுதான் பெரிதாகக் கேட்கும்.

ஆகவே சம்ப்பைத் தொடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். பெல்ட்டைக் கழற்றிப் புல்லியைத் திருகிப் பாருங்கள். மூக்கு நட்டுக்கும் (புல்லியைக் கிராங்க் மூக்கில் பிடித்திருக்கும் நட்டு) புல்லிக்கும் சேர்த்துச் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டுக் கொஞ்சம் ஓட்டி வாருங்கள். கோடு விலகியிருந்தால் அங்கே ஆட்டம் இருக்கிறது. நட்டைச் சுற்றிச் செந்தூரம் பூசியது போல நைசான சிவப்புத் தூள் படிந்திருந்தாலும் அதே அர்த்தம்தான். இரும்பும் இரும்பும் உரசிக் கக்கிய துரு அது.

சேலத்தில் ஓடும்போது ஒன்றுமில்லை. ஏற்காடு ஏறினால் மட்டும் கொதிக்கிறது. புல்லி காரணமாக இருக்குமா?

இருக்கலாம். பெல்ட்டைக் கழற்றிக் காடியைப் பாருங்கள். வி பெல்ட் இரண்டு பக்கச் சுவரைக் கவ்வித்தான் இழுக்கும்; அடியைத் தொடவே கூடாது. காடியின் அடி கண்ணாடி போல மின்னினால் சுவர் தேய்ந்து பெல்ட் உள்ளே இறங்கிவிட்டது என்று பொருள். சமதரையில் அது சமாளிக்கும். மலையில் லோடோடு செகண்ட் கியரில் போகும்போது வழுக்கும், தண்ணீர் பம்பும் ஃபேனும் படுத்துவிடும். அதற்கு மேல் இன்னொன்று: ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கும். பிரஷர் மூடி இல்லாத பழைய ரேடியேட்டருக்குக் கீழே கிடைத்த அந்த 5 டிகிரி மேலே கிடைக்காது.

வாக்குவம் பம்போ ஏர் கம்ப்ரஸரோ பெல்ட்டில் ஓடுகிற வண்டி என்றால் இறக்கத்தில் பெல்ட் போனால் பிரேக்கே போன மாதிரி. அந்த வண்டிக்காரர்கள் இந்தக் கேள்வியை மலை ஏறும் முன்பே கேட்க வேண்டும்.

என்னென்ன சாமான் வேண்டும்?

மூணு கால் புல்லர் (புல்லியை இழுத்துக் கழற்றும் கருவி) ஒன்று. புல்லியின் முகத்தில் மரை போட்ட ஓட்டைகள் இருந்தால் கால் புல்லரை விட்டுவிடுங்கள். போல்ட் போட்டு இழுக்கிற தட்டுப் புல்லர்தான் சரி. மூக்கு நட்டுக்குப் பெரிய பாக்ஸ் ஸ்பேனர், மூன்றடி பைப், நல்ல சுத்தியல், வெர்னியர், புது லாக் வாஷர், புது ஆயில் சீல்.

மரையில் மட்டும் அவசரப்பட வேண்டாம். நம் பட்டறைகளில் எல்லாவற்றையும் நூல் கணக்கில்தான் சொல்வார்கள். அரைக்கால் இஞ்ச் ஒரு நூல், மூணு நூல் போல்ட் என்றால் காலே அரைக்கால் இஞ்ச், அதாவது 3/8. அளவு சரியாக இருந்தாலும் மரை வேறாக இருக்கலாம். பழைய பிரிட்டிஷ் எஞ்சினில் விட்வொர்த் மரை வரும், அமெரிக்க வண்டியில் யு.என்.எஃப். வரும், டாட்டா பென்ஸில் மில்லிமீட்டர். மூன்றும் இரண்டு சுற்று வரை ஒன்றுக்குள் ஒன்று போவது போலத்தான் இருக்கும். கையால் முழுக்க இறங்காத போல்ட்டுக்கு ஸ்பேனர் போடாதீர்கள்.

ரேடியேட்டரை இறக்காமல் முடியுமா?

சில வண்டியில் முடியும். நான் அப்படித்தான் முதல் முறை செய்தேன். ஸ்பேனர் நழுவி ரேடியேட்டரைக் குத்தியது. பற்றவைக்கக் கொடுத்த காசில் ரேடியேட்டரை நாலு தடவை இறக்கி ஏற்றியிருக்கலாம்.

மூக்கு நட்டு எந்தப் பக்கம் கழலும்? கிராங்க் கூடவே சுற்றுகிறதே?

ஹேண்டில் போட்டு ஸ்டார்ட் செய்கிற வண்டிகளில் இந்த நட்டுக்கு முன்னால் பல் வெட்டியிருக்கும். டாக் நட் என்பார்கள். சில எஞ்சினில் அது போல்ட் மாதிரி கிராங்குக்கு உள்ளே இறங்கும். முன்னால் நின்று பார்த்தால் எஞ்சின் கடிகாரம் சுற்றுகிற பக்கம் சுற்றும், ஹேண்டிலும் அந்தப் பக்கமே. ஒவ்வொரு முறை ஹேண்டில் அடிக்கும்போதும் நட்டு இறுகத்தான் செய்யும். அதனால் அது சாதாரண வலது மரை. இடது பக்கம் திருப்பினால் கழலும். ஐம்பது வருட ஹேண்டில் அடி அதில் ஏறியிருக்கிறது என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

முதலில், நட்டு கழலாமல் இருக்க மடித்துவிட்டிருக்கும் லாக் வாஷரின் மடிப்பை உளியால் நிமிர்த்துங்கள். பலர் இதை மறந்துவிட்டுப் பைப் போட்டுத் தொங்குவார்கள். அப்புறம் வண்டியை டாப் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொள்ளட்டும். அப்படியும் கிராங்க் நழுவினால் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி அந்த ஓட்டை வழியே பிளைவீல் பல்லில் ஒரு இரும்பைக் கொடுத்து நிறுத்தலாம். பெட்ரோல் எஞ்சினில் பிளக் ஓட்டை வழியாகக் கயிறு திணித்துப் பிஸ்டனை நிறுத்துவார்கள். பி6 போல தனி எரி அறை வைத்த டீசலில் அந்த வழி இல்லை.

நட்டில் இழுத்துப் பிடிப்பதைவிட அடி கொடுப்பது மேல். ஸ்பேனரை மாட்டி, கையால் தள்ளிக்கொண்டே, அதன் வாலில் சுத்தியலால் சட்டென்று ஒரு அடி. நாலாவது ஐந்தாவது அடியில் ‘டிக்’ என்று விடும்.

ஸ்பேனரை சேஸிஸில் முட்டுக்கொடுத்து ஸ்டார்ட்டரை ஒரு தட்டுத் தட்டினால் போதும் என்கிறார்களே?

கழலும். ஸ்பேனர் பறந்தால் யார் முகத்தில் படும் என்பதுதான் தெரியாது. நான் செய்வதில்லை.

புல்லி அசையவே மாட்டேன் என்கிறது. சம்மட்டி போடலாமா?

கூடாது. பழைய புல்லிகள் பெரும்பாலும் வார்ப்பு இரும்பு. பின்னாலிருந்து நெம்பினாலோ அடித்தாலோ உதடு உடைந்து கையோடு வரும். எங்கள் புல்லியில் இன்றும் ஒரு கட்டைவிரல் அகலத்துக்குப் பொக்கை இருக்கிறது. எனது முதல் முயற்சியின் சின்னம். அதோடு ஒவ்வொரு அடியும், கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் தாங்கும் த்ரஸ்ட் பேரிங்கில் போய் விழுகிறது.

செய்ய வேண்டியது வேறு. கிராங்க் மூக்கின் மரை நசுங்காமல் இருக்க ஒரு தடித் தகட்டையோ பழைய நட்டையோ வைத்து அதன்மேல் புல்லரின் நடு போல்ட்டை நிறுத்துங்கள். கால்கள் புல்லியின் வெளி விளிம்பைப் பிடிக்கக் கூடாது. நடுக் குடத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. பலமாக இறுக்குங்கள். இனி நடு போல்ட்டின் தலையில் ஒரு அளவான தட்டு. கால் திருப்பு இறுக்கம், இன்னொரு தட்டு. வரவில்லையா, அந்த இறுக்கத்தோடேயே விட்டுவிட்டு டீ குடிக்கப் போங்கள். மூன்றாம் முறை எங்களுடையது ராத்திரி முழுக்க அப்படியே நின்றது. விடிகாலையில் கொட்டகையில் ‘டங்’ என்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் புல்லி இடம் விட்டுக் கொஞ்சம் முன்னால் வந்து நிற்கிறது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்து செவ்ரோலெட் 216 எஞ்சின் வைத்திருப்பவர்கள் மூக்கில் நட்டைத் தேடாதீர்கள். அதில் நட்டே இல்லை. இறுக்கத்தில் மட்டுமே புல்லி நிற்கிறது.

கேஸ் வைத்துச் சூடாக்கினால்?

ரப்பர் இல்லாத புல்லி, சீலும் எப்படியும் மாற்றத்தான் போகிறோம் என்றால், குடத்தைச் சுற்றி மிதமான சூடு கொடுக்கலாம். ஆயில் ஊறிய இடம், துணியை அப்புறப்படுத்திவிட்டு, பக்கத்தில் மண் வாளியோடு செய்யுங்கள். சிவக்கிற அளவு சூடு வேண்டவே வேண்டாம்.

கழற்றியாகிவிட்டது. எதைப் பார்க்க வேண்டும்?

இங்கேதான் நான் இரண்டாம் முறை தோற்றேன். கழற்றிய சந்தோஷத்தில் சீலை மட்டும் மாற்றித் திரும்ப மாட்டிவிட்டேன். ஆறே மாதத்தில் அதே டக் டக்.

கீயை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். பக்கம் படி போலத் தேய்ந்திருந்தால் தூக்கிப் போடுங்கள், கீ மலிவு. புதுக் கீ காடியின் இரண்டு பக்கமும் இறுக்கமாக நிற்க வேண்டும், தலைக்கு மேல் கொஞ்சம் இடைவெளி இருக்க வேண்டும். தலை முட்டினால் புல்லி ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு உட்காரும். அடுத்து கிராங்க் மூக்கின் விட்டத்தையும் புல்லித் துளையின் விட்டத்தையும் மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். கையால் தள்ளினாலே கடகடவென்று உள்ளே போகிற புல்லி, நட்டை எவ்வளவு இறுக்கினாலும் ஒரு நாள் ஆடத்தான் செய்யும்.

துளை தேய்ந்துவிட்டது. தகரம் சுற்றி அடித்துவிடலாமா?

அப்படி அடித்துக் கொடுத்த ஒரு பட்டறையால்தான் எனக்கு இந்த அனுபவமே கிடைத்தது. மெல்லிய தகரம் சுற்றி, துளைக்குள் பஞ்ச்சால் புள்ளி புள்ளியாகக் குத்தி அனுப்பினார்கள். தகரம் ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்து புல்லி கோணலாகச் சுற்றியது. பெல்ட் பாம்பு போல நெளிந்தது.

நல்ல லேத் பட்டறைக்கு எடுத்துச் செல்லுங்கள். சேலத்தில் லேத்துக்குப் பஞ்சமில்லை. துளையைப் பெரிதாக்கி ஸ்டீல் புஷ் இறக்கி, கிராங்க் மூக்கின் அளவுக்கு ஒத்துக் கடைந்து கீ காடி வெட்டச் சொல்ல வேண்டும். லேத்காரரிடம் சொல்ல மறக்கக் கூடாத இரண்டு விஷயம்: ஒன்று, துளையின் மையம் சீல் உரசும் கழுத்துக்கும் பெல்ட் காடிக்கும் ஒரே மையமாக இருக்க வேண்டும், டயல் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு, கீ காடி பழைய இடத்திலேயே வர வேண்டும். இடம் மாறினால் விளிம்பில் உள்ள டைமிங் குறி பொய் சொல்லும்.

கிராங்க் மூக்கே தேய்ந்திருந்தால் அதில் வெல்டிங் வைக்கக் கூடாது. புதுப் புஷ்ஷின் துளையை அந்தத் தேய்ந்த அளவுக்கே கடைந்துகொள்வதுதான் வண்டியிலேயே செய்யக்கூடிய வழி.

புதுச் சீல் போட்டும் ஆயில் ஒழுகுகிறது.

புல்லிக் கழுத்தில் சீல் உரசிய தடம் இருக்கும். நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளமா? அப்படியானால் எந்தச் சீலும் நிற்காது. மெல்லிய ஸ்லீவ் ஏற்றலாம், அல்லது சீலை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளி உட்காரவைத்துத் தேயாத இடத்தில் உரச விடலாம். சீலின் ஸ்பிரிங் பக்கம் ஆயிலைப் பார்த்து இருக்க வேண்டும். உதட்டில் கிரீஸ் தடவுங்கள். டைமிங் கவரைக் கழற்றியிருந்தால் அதன் போல்ட்களைக் கடைசியில் இறுக்குங்கள்: புல்லியை உள்ளே விட்டால் கவர் தானாக நடுவுக்கு வரும், அதற்குப்பின் இறுக்குவது. கீ காடி வழியாகவும் ஆயில் வரும். அதில் ஒரு பொட்டு சீலன்ட் வையுங்கள்.

பழைய எஞ்சினில் ரப்பர் சீலுக்குப் பதில் கயிறு திணித்திருப்பார்கள். அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு. காற்றடித்துச் சுத்தம் செய்யாமல் நனைத்து எடுங்கள்.

எங்கள் புல்லியில் நடுவே ரப்பர் வளையம் இருக்கிறது. வெடித்துவிட்டது. ஒரே துண்டாகக் கடைந்து போட்டுக்கொள்ளலாமா?

ஆறு சிலிண்டர் எஞ்சின் என்றால் வேண்டாம். நீளமான கிராங்க் ஒவ்வொரு வெடிப்புக்கும் முறுக்கிக்கொண்டு விடும். அந்த அதிர்வைத் தின்பதற்குத்தான் ரப்பரும் வெளி வளையமும். அதை எடுத்துவிட்டால் சத்தம் எதுவும் போடாமல் கிராங்குக்குள் விரிசல் வளரும். ரப்பரை மட்டும் புதிதாக வார்த்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், தேடிக் கொடுங்கள். வெளி வளையம் நழுவியிருந்தால் டைமிங் குறியும் அதோடு நகர்ந்திருக்கும். முதல் பிஸ்டன் உச்சியை நேராக அளந்து புதிதாகக் குறி போட்டுக்கொள்ளுங்கள். இந்த வகைப் புல்லியை விளிம்பில் பிடித்து இழுத்தால் ரப்பர் கிழியும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

திரும்ப மாட்டும்போது அடித்து ஏற்றலாமா?

இதற்கும் பதில் கூடாது என்பதுதான். ரப்பர் இல்லாத புல்லி என்றால் நான் செய்வது இது: பழைய அண்டாவில் எஞ்சின் ஆயிலை ஊற்றி, புல்லியை ஒரு கம்பியில் கட்டி உள்ளே தொங்கவிட்டு, நூறு, நூற்றிப்பத்து டிகிரி வரை வெளியில் வைத்துச் சூடாக்குவேன். 40 மி.மீ. துளை 80 டிகிரி கூடுதல் சூட்டில் ஏறத்தாழ 0.035 மி.மீ. விரியும். கேட்கச் சிறிதுதான், ஆனால் இறுக்கமான புல்லி வழுவழுவென்று உள்ளே போக அது போதும். கையுறை போட்டு, கீயை நேர் பார்த்து, ஒரே தள்ளில் கடைசி வரை கொண்டுபோக வேண்டும். பாதியில் யோசித்தால் அங்கேயே பிடித்துக்கொள்ளும். கழுத்தின் சூடு சீலின் உதட்டைச் சுடாதபடி நூற்றிப்பத்தைத் தாண்ட விடாதீர்கள். அண்டாவை வீட்டில் கேட்டுவிட்டு எடுப்பது உத்தமம்.

ரப்பர் உள்ளதைச் சூடாக்கக் கூடாது. மூக்கில் மரை இருந்தால் நீளமான போல்ட், தடி வாஷர், நட்டு வைத்து மெதுவாக இழுத்து ஏற்றுங்கள்.

நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும்?

உங்கள் எஞ்சினின் மேனுவலில் போட்டிருக்கிற அளவுக்கு, டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்). எஞ்சினுக்கு எஞ்சின் மாறும், பக்கத்து வீட்டு வண்டியின் கணக்கு உதவாது. புல்லி ஆறியபின் ஒரு முறை இறுக்கிப் பார்த்துவிட்டு அப்புறம்தான் லாக் வாஷரை மடிக்க வேண்டும்.

பெல்ட்?

கிராங்க் புல்லிக்கும் தண்ணீர் பம்பு புல்லிக்கும் குறுக்கே ஒரு நூலை இழுத்துப் பிடித்து நேர் பாருங்கள். பெல்ட்டின் நீளமான பக்கத்தில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை இஞ்ச் அமுங்கலாம். புதுப் பெல்ட் முதல் கால் மணி நேரத்திலேயே தளரும், திரும்ப இறுக்குங்கள்.

ஹேண்டில் போட்டு ஸ்டார்ட் செய்யலாமா?

டாக் நட்டின் பல் தேயாமல் இருந்தால் தாராளமாக. கட்டைவிரலை மற்ற நாலு விரலோடு ஒரே பக்கம் வையுங்கள், ஹேண்டிலைச் சுற்றிப் பிடிக்காதீர்கள். எஞ்சின் திருப்பி அடித்தால் கை தப்பும். அப்பாவின் வலது மணிக்கட்டு கடைசி வரை கோணலாகத்தான் இருந்தது.

முதல் ஓட்டமே ஏற்காட்டுக்குப் போகலாமா?

வேண்டாம். நான் சமதரையில் அயோத்தியாப்பட்டணம் வரை போய்த் திரும்பினேன். கொட்டகைக்கு வந்ததும் நட்டிலும் புல்லியிலும் போட்ட சாக்பீஸ் கோட்டைப் பார்த்தேன். கோடு நேராக இருந்தது. மறுநாள் காலை மலை ஏறும்போது அதே வளைவில் நிறுத்தி ஐட்லிங்கில் விட்டுக் கேட்டேன். டீசல் எஞ்சினின் வழக்கமான கடமுடாதான்.